பிள்ளையிடம் கதை கேட்கும் முன்

(பெண்கள் ஐக்கிய சங்கங்களிலும் வாலிபர் கூட்டங்களிலும் படிப்பதற்கான வேதபாடம். முன்னதாக வாசிக்கவேண்டிய பகுதிகள்: மாற்கு 5:21-43, ஆதியாகமம் 16:1-14, 2 இராஜாக்கள் 5:1-4.)

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களே,



நம் மருத்துவக் குழுவினர் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கீழே சமவெளியிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போய்வருவதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஊழியத்துக்காக ஜெபித்தும் கொடுத்தும் வருகிறீர்கள். சில காலமாக உங்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "முன்பெல்லாம் முகாம் பிள்ளைகளின் சாட்சிகளைப் படத்தோடு போடுவீர்களே, இப்போது ஏன் போடுவதில்லை? அதை வாசித்துத்தான் எங்கள் சபையில் காணிக்கை எடுப்போம்" என்கிறீர்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி அட்டையில் ஒட்டி வைப்பது வழக்கம் என்று ஒரு சகோதரி வருத்தத்தோடு எழுதியிருந்தார்கள்.

நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் எழுதிவிட முடியவில்லை. அந்தச் சாட்சிகளைக் கேட்டு எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால், இந்தப் பாடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லியாகவேண்டும்.

முகாம் பிள்ளைகள் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதை முதலில் நினைவில் கொள்ளவேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் முதல் கூட்டம் கடல் கடந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது அடுத்த கூட்டம். 2006 முதல் இன்னொரு கூட்டம். 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் சில குடும்பங்கள். 1983 முதல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள் என்றும், அப்போது 108 முகாம்களில் ஏறத்தாழ 58,800 பேர் இருந்தார்கள் என்றும் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் சொல்லப்பட்டது. அகதிகள் முகாம் என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியதும் அப்போதுதான். நம் நாமக்கல், சேலம் மாவட்டங்களிலும் இத்தகைய முகாம்கள் உண்டு.

படகில் வருகிறவர்களைப் பெரும்பாலும் கரைவரை கொண்டுவந்து விடுவதில்லை. தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளில் இருட்டோடு இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிடும். மீனவர்களோ கடலோரக் காவல் படையோ கண்டு கரைக்குக் கொண்டுவரும்வரை குடிக்கத் தண்ணீரில்லாமல் மணலிலே உட்கார்ந்திருக்கவேண்டும். கரைக்கு வந்தால் போலீஸ் விசாரணை. மண்டபம் முகாமில் கியூ பிரிவு, வருவாய்த்துறை என்று மறுபடியும் விசாரணை. எந்த ஊர், யார் இறந்தார்கள், யார் இயக்கத்தில் இருந்தார்கள், ஏன் வந்தீர்கள்? ஒரு நாடு தன் கரைக்கு வருகிறவர்களை விசாரிப்பது அவசியந்தான். அதற்குப் பதில் சொன்னால்தான் பதிவு, பதிவு இருந்தால்தான் ரேஷனும் பணக்கொடையும். ஆகவே ஒரு பிள்ளை நம்மைப் பார்க்குமுன்பே ஒரு காரியத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. கேள்வி கேட்கிறவர் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது. கதையைச் சரியாகச் சொன்னால் அது கிடைக்கும்.

அதற்குப் பின்தான் நாம் போகிறோம். நமக்கு முன்னும் பின்னுமாகப் பத்திரிகைக்காரர்கள், ஆய்வுப் பட்டத்துக்கு எழுதும் மாணவர்கள், தொண்டு நிறுவனத்தார், சபைக் குழுவினர் போகிறார்கள். எல்லோரும் நல்லவர்களே. எல்லோர் கையிலும் ஒரு நோட்டு இருக்கிறது.

2006க்குப் பின் வந்த குடும்பம் ஒன்றில் ஒரு பையன் இருந்தான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அம்மம்மாவோடு வந்தவன். அறுப்பின் பண்டிகை இதழுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று பொறுப்பிலிருந்தவர்கள் என்னைக் கேட்டிருந்தார்கள். மருத்துவ முகாம் முடிந்தபின் வேப்பமரத்தடியில் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, நோட்டைத் திறந்து, "தம்பி, நீ வந்த கதையைச் சொல்லு" என்றேன்.

அவன் கேட்டான்: "சேர், சின்னனாச் சொல்லட்டோ, முழுக்கச் சொல்லட்டோ?"

அந்த இடத்திலேயே நான் நோட்டை மூடியிருக்கவேண்டும். மூடவில்லை. முழுக்கச் சொல் என்றேன். தங்குதடையில்லாமல் சொன்னான். ஒப்புவிப்பது போலிருந்தது. மூத்த சகோதரன் ஒருவன் சனக்கூட்டத்தில் பிரிந்துபோய் இன்றுவரை தகவல் இல்லை என்ற இடத்தில் மட்டும் குரல் இறங்கியது. எழுதிக்கொண்டேன், படமும் எடுத்தேன். பள்ளிச் சீருடையில்தான் இருந்தான். புறப்படும்போது அவன் அம்மம்மா என்னை ஓரமாக அழைத்து, "சனம் வந்து கேட்டிட்டுப் போனா அண்டைக்கு ராவு பிள்ளை நித்திரை கொள்ளமாட்டான் தம்பி. கேட்டுக்கொண்டு போன ஒருத்தரும் திரும்பி வந்து, பிள்ளை எப்பிடி இருக்கிறான் எண்டு கேக்கேல்லை" என்றார்கள். ஜெபித்துவிட்டு வந்தேன்.

சாட்சி அச்சானது. காணிக்கை தாராளமாக வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, அந்தப் பணத்தில் பல மாதங்கள் முகாமுக்கு மருந்து போயிற்று. வாசித்த ஒரு சபையார் அந்தப் பையனைப் பார்க்கவேண்டும் என்று விரும்பி, கிறிஸ்துமஸ் சமயத்தில் புதுத்துணி எடுத்துக்கொடுத்து, அனுமதி வாங்கித் தங்கள் ஆராதனைக்கு அழைத்துப் போனார்கள். நானும் கூடப் போனேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அதே கதையைத்தான் சொன்னான், ஒரே ஒரு இடம் தவிர. காணாமற்போன சகோதரன் இந்த முறை அவன் மடியிலே செத்துப்போனான். சபை முழுவதும் அழுதது.

திரும்பி வந்து அவன் அம்மம்மாவிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். பிள்ளை பொய் சொல்லிவிட்டானே என்று ஒருகணம் எனக்குக் கோபமும் வந்தது. பிறகு யோசித்தேன். எந்த இடத்தில் நாங்கள் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தோம், எந்த இடத்தில் 'ஐயோ' என்றோம், எந்த இடத்துக்குப் பின் பிஸ்கட்டும் துணியும் வந்தது என்பதை அவன் மாதக்கணக்கில் கவனித்திருக்கிறான். நாங்கள் கற்றுக்கொடுத்ததை அவன் ஒப்புவித்தான். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. சகோதரன் உயிரோடு இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையோடு அந்த வீட்டில் இரண்டு பேர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் வாயினாலேயே அந்தச் சகோதரனைச் சாகடிக்க வைத்துவிட்டோம்.

இப்போது மாற்கு 5ஆம் அதிகாரத்துக்கு வருவோம். ஒரே பயணத்தில் நம் ஆண்டவர் இரண்டு பேரைச் சுகமாக்குகிறார். ஒருத்தி பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீ. மற்றவள் யவீருவின் மகள், பன்னிரண்டு வயதுச் சிறுபெண். வழக்கமாக இவ்விரண்டையும் விசுவாசத்தைப் பற்றிய பாடமாகவே படிப்போம். இன்று வேறொன்றைக் கவனியுங்கள். யார் பேசவைக்கப்பட்டார், யாரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை?

அந்த ஸ்திரீயைக் கூட்டத்தின் நடுவிலே ஆண்டவர் தேடுகிறார். அவள் பயந்து நடுங்கி வந்து நடந்ததெல்லாவற்றையும் சொல்லுகிறாள். அவள் பெரியவள். தன் காசையெல்லாம் செலவழித்து, வைத்தியர்களிடம் அலைந்து, தானாக முடிவெடுத்துத் தொட வந்தவள். தீட்டுள்ளவள் என்று ஊர் ஒதுக்கிவைத்தவளை ஊருக்கு முன்பாகவே மகளே என்று அழைத்துச் சமாதானத்தோடே அனுப்புகிறார். அவள் பேசியதினால் அவளுக்கே பலன் உண்டாயிற்று.

அடுத்து அந்தச் சிறுபெண்ணின் வீடு. அங்கே அழுது புலம்புகிற கூட்டம் இருக்கிறது. ஆண்டவர் முதலில் அவர்கள் எல்லாரையும் வெளியே போகச் செய்கிறார். தகப்பன், தாய், மூன்று சீஷர்கள் மாத்திரம் உள்ளே. பிள்ளை எழுந்து நடக்கிறாள். மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பிய ஒரு பிள்ளை! அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டாயிரம் வருஷப் பிரசங்கங்களுக்குப் பொருள் கிடைத்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததை ஒருவரும் அறியக்கூடாது என்று உறுதியாகக் கட்டளையிடுகிறார். பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொல்லுகிறார். அவ்வளவுதான். அவள் பெயரைக்கூட மாற்கு எழுதவில்லை.

பாடம் நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்தி, நம்முடைய அறுப்பின் பண்டிகை மேடைக்கு அந்தப் பெண் வந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்று வாலிபர்களையே பேசவிடுவது நல்லது.

உலக சரித்திரத்திலிருந்து ஓர் உதாரணம். வியட்நாம் போரில், 1972 ஜூன் 8ஆம் தேதி, டிராங் பாங் என்ற ஊரில் நேபாம் குண்டினால் எரிந்த உடையைக் களைந்துவிட்டு அலறியபடி ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமியின் படத்தை உங்களில் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். கிம் ஃபூக் என்பது அவள் பெயர். பதினான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பதினேழு அறுவைச் சிகிச்சைகளைத் தாங்கிப் பிழைத்தாள். தன்னைக் காப்பாற்றிய டாக்டர்களைப்போலத் தானும் டாக்டராக வேண்டும் என்று மருத்துவப் படிப்பில் சேர்ந்தாள். அப்போதுதான் அந்தப் படத்திலுள்ள பெண் இவள்தான் என்று அரசாங்கத்தார் கண்டுபிடித்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் வரும்போதெல்லாம் வகுப்பிலிருந்து அழைத்துப்போய்ப் பேட்டி கொடுக்கவைத்தார்கள். படிப்பு நின்றுபோயிற்று. குண்டு அவளுடைய தோலை எரித்தது. படிப்பை எடுத்துக்கொண்டது பேட்டி. அந்த விரக்தியின் நாட்களில், 1982இல், வேதாகமத்தை வாசித்துக் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டாள். 1992இல் விமானம் எரிபொருள் நிரப்பக் கனடாவில் இறங்கியபோது கணவனோடு இறங்கி அடைக்கலம் கேட்டாள். பின்பு தானே ஒரு தொண்டு நிறுவனத்தை ஏற்படுத்தி, போரில் காயப்பட்ட பிள்ளைகளுக்கு உதவிவருகிறார். இன்று அவர் தம் கதையை உலகமெங்கும் சொல்லுகிறார். எங்கே சொல்லுவது என்பதை அவரே தீர்மானிக்கிறார்.

இன்னொரு படமும் உண்டு. 1984இல் பாகிஸ்தானிலிருந்த ஆப்கான் அகதி முகாமொன்றில் பச்சைக்கண் கொண்ட ஒரு சிறுபெண்ணை எடுத்த படம், மறுவருஷம் புகழ்பெற்ற ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தது. உலகமே அந்த முகத்தை அறிந்திருந்தது. அவள் பெயர் ஷர்பத் குலா என்று தெரியவந்தது 2002இல்தான்.

"அப்படியானால் பிள்ளைகள் பேசவே கூடாதா? மனதிலே அடைத்துவைத்தால் கேடல்லவா?" என்று கேட்பீர்கள். நம் செவிலியர் கூட்டத்திலும் இதே கேள்வி எழுந்தது. மருத்துவ ரீதியாக அறிந்ததைச் சொல்லுகிறேன்.

ஆபத்திலிருந்து தப்பியவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைத்தால் மனக்காயம் ஆறும் என்ற எண்ணம் 1980களிலும் 90களிலும் மேல்நாடுகளில் பரவியிருந்தது. பிறகு ஆராய்ந்தபோது அதனால் நன்மை காணவில்லை. சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆயிற்று. அதை முறையாகச் செய்யவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே 2011இல், அந்த நிறுவனமும் நம்மில் பலர் அறிந்த வேர்ல்ட் விஷனும் இன்னொரு அமைப்பும் சேர்ந்து உளவியல் முதலுதவிக்கு ஒரு கைநூல் வெளியிட்டன. நடந்ததைச் சொல்லும்படி எவரையும் நெருக்கக்கூடாது, அவர்கள் சொன்னால் கேட்கவேண்டும், தண்ணீர், உணவு, பாதுகாப்பு, உறவினர் என்று தேவையானவற்றோடு அவர்களைச் சேர்த்துவிடவேண்டும் என்பதே அதன் சாரம். யவீருவின் வீட்டில் நடந்ததை நினைத்துக்கொண்டேன்.

சொல்லுவதால் குணமாகிறவர்களும் உண்டு என்பதையும் மறுக்கக்கூடாது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், போரையும் அலையையும் கண்டு கடும் மனப்பாதிப்புக்கு ஆளான 31 பிள்ளைகளுக்கு ஒரு சிகிச்சை நடந்தது. உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அவர்களை ஆறு முறை சந்தித்தார்கள். ஒரு பாதிப்பேர் பிறந்தது முதல் அன்றுவரை தங்கள் வாழ்க்கையைக் கோர்வையாகச் சொல்லிவந்தார்கள். மறுபாதிப்பேர் கதை ஒன்றும் சொல்லாமல் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் எனக்கு அதில் தெரிவது, பயிற்சி பெற்ற ஒருவர் திரும்பத் திரும்ப வந்தார், அவர் வந்தது பிள்ளைக்காக வந்தது என்பதே. வேப்பமரத்தடியில் நான் உட்கார்ந்தது இதழுக்காக.

நம் ஆஸ்பத்திரியில் நாங்களும் நாள் முழுவதும் கேள்விதான் கேட்கிறோம். காய்ச்சல் எத்தனை நாளாக, வீட்டில் வேறு யாருக்கு இருமல் என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். ஆனால் சிகிச்சைக்குத் தேவையானதைத்தான் கேட்கிறோம், எழுதியதைப் பூட்டிவைக்கிறோம். ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டை அவர் படத்தோடு உங்களுக்கு அனுப்பிவைத்தால் என்ன நினைப்பீர்கள்? முகாம் பிள்ளையின் கதையை நாங்கள் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

சட்டமும் இதைத்தான் சொல்லுகிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் எந்தப் பத்திரிகையிலும் செய்தித்தாளிலும் வெளியிடக்கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. நம்முடையதைப் போன்ற சிறு மடல்களுக்கு அது பொருந்தாது என்று ஒருவரும் எண்ணவேண்டாம். மருத்துவ ஆய்வு செய்கிறவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வகுத்த நெறிமுறையின்படி, பெற்றோர் சம்மதித்தால் மட்டும் போதாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் தனியே பெறவேண்டும். ஆய்வுக்கே அப்படியானால் சாட்சிக்கு எப்படி?

முகாமில் இந்தச் சம்மதம் என்பது லேசான காரியமில்லை. மருந்துப் பெட்டியோடு வந்தவர் கேட்டால் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? இலங்கையில் இன்னும் உறவினர் இருக்கிறார்கள், ஊர் பெயர் அச்சானால் அவர்களுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவளுக்கு உண்டு. அதை நம்மிடம் சொல்லவும் பயம். இன்னொன்றும் உண்டு. இன்று முகாமிலுள்ள பிள்ளைகளில் மிகப் பலர் இங்கேயே பிறந்தவர்கள். போரையே பாராத பிள்ளையிடம் போரைப் பற்றிக் கேட்கிறோம். அதுவும் கேட்கிறார்களே என்று பாட்டி சொன்னதைத் தன் கதையாகச் சொல்லுகிறது. பிளஸ் டூ முடித்த ஒரு பெண் என்னிடம் கொஞ்சம் சலிப்போடே சொன்னாள்: "எல்லாரும் கடலைப் பத்தியே கேக்குறாங்க அண்ணா. நர்சிங் படிச்சா வேலை கிடைக்குமா, எங்களுக்குக் குடியுரிமை வருமான்னு நான் கேட்டா யாருக்கும் பதில் தெரியல." எனக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தில் நம் மிஷன் சரித்திரத்தையும் தொடாமல் போகமுடியாது. கொல்லிமலை ஊழியத்தின் ஆரம்பமே ஒரு பிள்ளையின் கதையோடு பின்னிக்கிடக்கிறது. 1913 முதல் இந்த மலையில் உழைத்த ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியரை நீங்கள் அறிவீர்கள். வேலூரில் குஷ்டரோகிகளின் கைகளைச் சீர்படுத்திய டாக்டர் பால் பிராண்டின் பெற்றோர். முதலாம் உலகப்போரின் இறுதியில் பரவிய விஷக்காய்ச்சலில், அவர்களை எதிர்த்துவந்த பூசாரி மரணப்படுக்கையில் தன் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். அதற்குப் பின்புதான் மலைமக்களின் மனம் திரும்பலாயிற்று என்று மிஷன் புத்தகங்கள் சொல்லுகின்றன. நானே எத்தனையோ மேடைகளில் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொன்னது பெரியவர்கள். கதையிலுள்ள குழந்தை எப்போதும் குழந்தையாகவே இருந்தது. ஜெசி பிராண்ட் 1929இல் காய்ச்சலில் மரித்தார். ஈவ்லின் அம்மையார் 1974இல் மரிக்கும்வரை, வயதான காலத்திலும் மட்டக்குதிரைமேல் மலையூர்களுக்குப் போய்வந்தார்கள். பிள்ளைகளைக் கதையாக்கியதால் அவர்கள் பெரியவர்கள் ஆகவில்லை. எடுத்த பிள்ளைகளோடு கூடவே இருந்தார்கள். நம் மலையாளிப் பிள்ளைகள் தங்கும் விடுதிக்கு வரும் விருந்தினர்களிடமும் இதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம், சிலருக்கு மனவருத்தம்.

இப்போது முகாமில் எப்படி நடந்துகொள்ளுகிறோம் என்று சொல்லுகிறேன். மருத்துவ முகாம் நாளில் ஒருவரும் நோட்டோ கேமராவோ எடுத்துப்போவதில்லை. மருந்தும் கதையும் ஒரே நாளில் ஒரே கையில் வரக்கூடாது என்பதற்காக. பிள்ளைகளிடம் இன்றைய காரியங்களைப் பேசுகிறோம்: என்ன சாப்பிட்டாய், எந்த வாத்தியார் நல்லவர், கிரிக்கெட்டில் யார் ஜெயித்தது. தானாக ஒரு பிள்ளை பழையதைச் சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொண்டிருப்போம். அடுத்து என்ன நடந்தது என்று தூண்டமாட்டோம். பாதியில் நிறுத்தினால் விட்டுவிடுவோம். அடுத்த மாதமும் அதே ஆள் போகவேண்டும் என்பது கண்டிப்பு. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து சொல்லவேண்டியதாகும்.

ஒரு விஷயத்தில் மாத்திரம் எங்கள் ஊழியர்களுக்குக் கண்டிப்பான சொல் உண்டு. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக்கூடாது. ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அறிவித்தே ஆகவேண்டும். 1098 என்ற எண் இதற்காகவே இருக்கிறது. கொடுத்த வாக்கை உடைக்கிற இன்னொரு பெரியவர் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

வாசிக்கச் சொன்ன மற்ற இரண்டு பகுதிகளையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். வனாந்தரத்தில் ஓடிப்போன ஆகாரிடம் கர்த்தருடைய தூதன் இரண்டு கேள்வி கேட்கிறார்: எங்கேயிருந்து, எங்கே. அவள் முதல் கேள்விக்கு மாத்திரம் பதில் சொல்லுகிறாள். போகிற இடம் அவளுக்கே தெரியாதுபோலும். தூதன் வற்புறுத்தவில்லை. நாகமான் வீட்டிலிருந்த சிறுபெண்ணோ சிறைபிடிக்கப்பட்டு வந்தவள். எப்படிப் பிடித்தார்கள், பெற்றோர் என்ன ஆனார்கள் என்று ஒரு வார்த்தையும் அவள் சொல்லவில்லை. சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார் என்ற ஒன்றைச் சொன்னாள். தனக்குத் தெரிந்ததில் எதைச் சொல்லவேண்டும் என்பதை அவளே தெரிந்தெடுத்தாள். அதனால் ஒரு தேசத்துச் சேனாதிபதி சுகமானான்.

அகதிகள் தாங்களாகப் பேசும்போது எவ்வளவோ நடக்கிறது. 1984இல் சந்திரகாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளே அகதிகளுக்காக நடத்திவரும் அமைப்பு. 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், வளர்ந்தபின் நீதிமன்றம் சென்று இந்தியக் குடிமகளுக்குரிய பாஸ்போர்ட் பெற்று, 2024 தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். பத்திரிகைகள் அவரைப் பேட்டி எடுத்தன. பேட்டி எடுத்ததால் அவருக்கு ஒன்றும் கெடவில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு வழியும் தெரிந்தது.

பங்காளர்களே, சாட்சிப் பக்கம் நின்றபின் காணிக்கை சற்றுக் குறைந்தது உண்மை. பொருளாளர் அதை என்னிடம் ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவிட்டார். மாதந்தோறும் எத்தனை பேர் பார்க்கப்பட்டார்கள், என்ன மருந்து போயிற்று, டீசல் செலவு எவ்வளவு என்று இனி ஒவ்வொரு இதழிலும் கணக்கு தருகிறோம். ஓய்வுநாள் பள்ளி அட்டையில் ஒட்ட அது அழகாக இராது, தெரியும். அந்தச் சகோதரிக்கு மலையிலுள்ள நம் மிளகுக் கொடியின் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பையன் இன்று பெரியவன். சில மாதங்களுக்கு முன் நேரில் சந்தித்தேன். இந்தப் பாடத்தை எழுத நினைப்பதைச் சொல்லி, எழுதியதை வாசித்தும் காட்டினேன். அவருக்கு அடையாளமான சில விவரங்களை மாற்றியிருப்பதையும் சொன்னேன். ஒருநாள் யோசித்துவிட்டு மறுநாள் போன் செய்தார். சகோதரனைப் பற்றி அன்று சபையில் சொன்னது இன்றும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது, அதை எழுதுங்கள் என்றார். அம்மம்மா பேசியதை அப்படியே போடுங்கள் என்றார். தாம் இப்போது எங்கே இருக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்பதை எழுதவேண்டாம் என்றார்.